மூக்கும் மூலக்கூறும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

எங்கள் அக்காள் மகனுக்கு நான்கு வயது. மழைக்காலம் பிறந்தால் அவனுக்குத் தடுமன் பிடிக்கும். மற்றப் பிள்ளைகளுக்கு மூக்கொழுகுவதோடு நின்றுவிடும் தடுமன், இவனுக்கு இரண்டாம் நாளே நெஞ்சுக்கு இறங்கி இழுப்பாக மாறிவிடும். சென்ற ஆண்டு மட்டும் மூன்று முறை இரவு நேரத்தில் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்த பின்னரே மூச்சு சீரானது. மூன்றாம் முறை, விடியற்காலையில் முதல் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது அம்மா என்னிடம் கேட்டார்:

"நீ காலேஜுல கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? மருந்தெல்லாம் அதுலதானே செய்யறாங்க? இந்தத் தடுமனுக்குன்னு ஒரு மருந்து கிடையாதாடா?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே ரேஷன் கடைப் படிவம் முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாக் கேள்விகளும் என்னிடமே வந்து சேரும். அன்று, "கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் கிடையாது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. அந்த 'ஏன்' மனத்தில் முள்ளாய் உறுத்த, நூலகத்திலும் வேறிடங்களிலும் தேடிப் படித்தேன். படித்த பின்னரே நான் சொன்ன பதில் பாதி தவறு என்று தெரிந்தது. மருந்து செய்தார்கள். அதுவும் எப்படிப்பட்ட மருந்து! வைரஸின் உடலில் ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிய மருந்து. அது வேலையும் செய்தது. ஆயினும் கடைக்கு வரவில்லை. அந்தக் கதையைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் தடுமன் என்று மருந்துக் கடையில் போய் நின்றால் நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து ஒரு 'செட்' என்று கொடுப்பார்கள். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். அமாக்ஸிசிலின் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாக்டீரியா தன் செல்லைச் சுற்றிக் கட்டும் சுவரை அது கட்டவிடாமல் செய்கிறது. சுவரில்லாப் பாக்டீரியா வெடித்துச் சாகிறது. வைரஸுக்கோ செல்லும் இல்லை, சுவரும் இல்லை. இல்லாத சுவரை எந்த மருந்து இடிக்கும்? நாம் கொடுத்த காசும் வீண். நம் வயிற்றில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் கேடு.

தடுமனை உண்டாக்கும் வைரஸ்கள் பல. அவற்றுள் முதலிடம் ரைனோவைரஸுக்கு உரியது. ஏறத்தாழப் பாதித் தடுமன்கள் அதன் கைவரிசையே. 'ரைனோ' என்றால் கிரேக்க மொழியில் மூக்கு. இதன் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்கே 2,000 ரைனோவைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம். உள்ளே ஏறத்தாழ 7,200 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. வெளியே இருபது முகங்கள் கொண்ட புரத ஓடு. வி.பி.1, வி.பி.2, வி.பி.3, வி.பி.4 என்னும் நான்கு புரதங்கள் ஒவ்வொன்றும் 60 படிகளாகச் சேர்ந்து அந்த ஓட்டைக் கட்டுகின்றன. முதல் மூன்றும் வெளிப்புறம்; நான்காவது உட்புறம் ஒளிந்திருக்கிறது. இந்த நான்காவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது.

தடுப்பூசி போடலாமே என்று தோன்றும். ஆனால் ரைனோவைரஸில் 160க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒன்றுக்கு எதிராக உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் இன்னொன்றைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் நமக்குத் தடுமன் பிடிக்கிறது. எனவே, எல்லா வகைகளுக்கும் பொதுவாக உள்ள ஓர் இடத்தைக் கண்டுபிடித்துத் தாக்கும் சிறு மூலக்கூறு வேண்டும் என்று வேதியியலாளர்கள் எண்ணினர்.

பள்ளத்தாக்கும் பொந்தும்

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன் என்றோர் அறிஞர் இருந்தார். 1930இல் ஜெர்மனியில் பிறந்தவர், 2019இல் மறைந்தார். வைரஸைப் படிகமாக்கி, அதன்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, சிதறும் புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவது அவர் தொழில். உப்புப் படிகத்துக்கு இந்த முறையை நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். உப்பில் இரண்டே வகை அயனிகள். வைரஸிலோ லட்சக்கணக்கான அணுக்கள்! விஸ்கான்சினைச் சேர்ந்த ரோலண்ட் ரூக்கர்ட் குழுவினரோடு சேர்ந்து ராஸ்மன் குழுவினர் ரைனோவைரஸ் 14ஆம் வகையைப் படிகமாக்கினர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சின்க்ரோட்ரான் கதிர்களைப் பயன்படுத்திப் படமெடுத்தனர். 1985இல் அதன் முழு அமைப்பையும் வெளியிட்டனர். மனிதனுக்கு நோய் தரும் வைரஸ் ஒன்றின் அணு அமைப்பு அவ்வாண்டில்தான் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் ஹோகிள் குழுவினர் போலியோ வைரஸின் அமைப்பையும் வெளியிட்டனர்.

படத்தில் என்ன தெரிந்தது? ஓட்டின் மேற்பரப்பு வழவழப்பாக இல்லை. மலையும் மடுவுமாக இருந்தது. ஐந்து புரதங்கள் கூடும் ஒவ்வொரு முனையையும் சுற்றிச் சுமார் 2 நானோமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளத்தாக்கு ஓடியது. நம் மூக்குச் செல்லின் மேலுள்ள ஏற்பி இந்தப் பள்ளத்தாக்கில்தான் நுழைந்து ஒட்டிக்கொள்ளும் என்று ராஸ்மன் ஊகித்தார். 1989இல் அந்த ஏற்பி ஐகாம்-1 என்னும் புரதம் என்று தனித்தனியே மூன்று குழுவினர் கண்டறிந்தனர். அப்போது அறியப்பட்டிருந்த வகைகளில் பத்தில் ஒன்பதுக்கு அதுவே வாயில். ஊகம் பலித்தது. எதிர்ப்புப் பொருள்கள் பருமனானவை, அவற்றால் பள்ளத்தாக்கினுள் நுழைய முடியாது என்ற அவருடைய மற்றோர் ஊகம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. சில எதிர்ப்புப் பொருள்கள் உள்ளே எட்டிப் பார்ப்பது பின்னர் தெரிய வந்தது. பெரியவர்களும் பாதிக்குப் பாதி சரியாக ஊகிக்கிறார்கள் என்பது தேர்வில் ஊகித்து எழுதும் நம் போன்றோருக்கு ஆறுதல்.

இங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்டெர்லிங்-வின்த்ராப் என்ற மருந்து நிறுவனத்தார் ஏற்கெனவே சில சேர்மங்களைச் செய்து வைத்திருந்தனர். நிறுவனத்தின் பெயரையொட்டி அவற்றுக்கு 'வின்' என்று தொடங்கும் எண்கள். சோதனைத் தட்டில் வளர்த்த செல்களில் இவை வைரஸை அடக்கின. எப்படி அடக்கின என்பது மட்டும் விளங்கவில்லை. ராஸ்மன் குழுவினர் வைரஸ் படிகத்தை வின் 51711, வின் 52084 என்னும் இரு சேர்மங்களில் ஊறவைத்து மீண்டும் படமெடுத்தனர். 1986இல் விடை கிடைத்தது. பள்ளத்தாக்கின் தரைக்கு அடியில், வி.பி.1 புரதத்தின் வயிற்றுக்குள், ஒரு பொந்து இருந்தது. மருந்து அந்தப் பொந்துக்குள் புகுந்து நீட்டிப் படுத்திருந்தது!

வின் 51711க்கு டிசாக்ஸரில் என்று பெயர். அதன் அமைப்பை எளிதில் மனத்தில் வரைந்துகொள்ளலாம். ஒரு முனையில் ஐசாக்ஸசோல் வளையம். மறு முனையில் பென்சீன் வளையத்தோடு ஒட்டிய ஆக்ஸசோலின் வளையம். நடுவே ஏழு கார்பன்களால் ஆன சங்கிலி. பொந்தின் உட்சுவர் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் ஆனது. சங்கிலியும் நீரை வெறுப்பது. இனம் இனத்தோடு சேர்ந்தது. பலமான பிணைப்பு எதுவும் இல்லை. நாம் பாடத்தில் ஒரு பக்கத்தோடு கடந்துவிடும் வாண்டர்வால்ஸ் விசைகளே அதைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருக்கின்றன.

பொந்தை அடைத்தால் வைரஸ் ஏன் செயலிழக்க வேண்டும்? மூங்கில் கூடை ஒன்றை இரு கையாலும் நெருக்கினால் சற்று வளைந்து கொடுக்கும். அதன் பின்னல் இடைவெளிகளில் எல்லாம் குச்சிகளைச் செருகிவிட்டு நெருக்குங்கள், வளையாது. செல்லுக்குள் நுழைந்த வைரஸ் தன் ஓட்டை நெகிழ்த்தி, உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ.யை வெளியே விட்டாக வேண்டும். விடாவிட்டால் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கடிதமே, படிக்க ஆளில்லை. மருந்து அந்த நெகிழ்ச்சியைப் பறித்துவிடுகிறது. 14ஆம் வகையில் இன்னொரு நன்மையும் உண்டு. பொந்துக்குள் மருந்து புகும்போது மேலுள்ள பள்ளத்தாக்கின் தரை சற்று மேலெழும்பிவிடுவதால், ஏற்பி வந்து ஒட்டுவதும் தடைப்படுகிறது.

வேறு சில வகைகளில் அந்தப் பொந்து காலியாகவே இல்லை. கொழுப்பு அமிலம் போன்ற ஒரு மூலக்கூறை வைரஸ் தானே அதில் வைத்திருக்கிறது. ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்குப் போகும் வழியில் ஓடு உடைந்துவிடாதபடி அது காக்கிறது. செல்லை அடைந்ததும் விலகிக்கொள்கிறது என்று கருதுகின்றனர். மருந்து செய்வதெல்லாம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு விலக மறுப்பதுதான்.

இனி நான் சொன்ன வேடிக்கை. 1998இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 14ஆம் வகை வைரஸை டிரிப்ஸின் என்னும் நொதியில் இட்டனர். டிரிப்ஸின் புரதங்களை வெட்டும். வெளியே உள்ள புரதம்தானே முதலில் வெட்டுப்பட வேண்டும்? பார்த்தால், உட்புறம் ஒளிந்திருக்கும் வி.பி.4இன் துண்டுகளும் தொடக்கத்திலேயே வந்து விழுந்தன! அப்படியானால் அந்தப் புரதம் அவ்வப்போது வெளியே தலை நீட்டிவிட்டு உள்ளே போகிறது என்றே பொருள். படத்தில் கல்போல் தெரிந்த ஓடு உண்மையில் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. இதை வைரஸின் 'மூச்சு' என்று அவர்கள் அழைத்தனர். வின் 52084ஐச் சேர்த்ததும் வெட்டுகள் நின்றுபோயின. மூச்சு நின்றது. பிள்ளையின் மூச்சை நிறுத்தப் பார்க்கும் வைரஸின் மூச்சை நிறுத்தும் மருந்து! இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருந்து வாசற்படியில் நின்றது

சோதனைத் தட்டில் வெல்வது ஒன்று. மனித உடலில் வெல்வது வேறு. டிசாக்ஸரிலை உட்கொண்டவர்களின் சிறுநீரில் படிகங்கள் தென்பட்டன, அதைக் கைவிட்டனர். வேதியியலாளர்கள் மூலக்கூறின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். சங்கிலியின் நீளம் முதற் சிக்கல். 14ஆம் வகையின் பொந்து நீளமானது. நீண்ட சங்கிலி அதற்கு ஏற்றது. 1ஏ போன்ற வகைகளின் பொந்து குட்டையானது. எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டுமானால் அளவு பார்த்து வெட்ட வேண்டும். மூன்று கார்பன் சங்கிலியில் வந்து நின்றார்கள். அடுத்த சிக்கல் நம் கல்லீரல். அது ஆக்ஸசோலின் வளையத்தைச் சிதைத்துவிடுகிறது. அதற்குப் பதில் ஆக்ஸாடையசோல் வளையத்தை வைத்து, அதன் முனையில் மூன்று ஃபுளோரின் அணுக்கள் கொண்ட தொகுதியைக் காவலுக்கு நிறுத்தினர். கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு எளிதில் உடையாது என்பது நாம் அறிந்ததே. இப்படிப் பிறந்த மூலக்கூறுக்குப் பிளெகோனரில் என்று பெயர். மூலக்கூறு எடை 381. அது அடக்கும் வைரஸின் எடையோ ஏறத்தாழ 80 லட்சம்.

வயிரோஃபார்மா என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவில் சோதித்தது. இரண்டு ஆய்வுகளில் 2,096 பேர் பங்கேற்றனர். தடுமன் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள்கள். வைரஸ் உறுதிப்பட்டவர்களில், வெற்று மாத்திரை உண்டவர்களுக்குத் தடுமன் தணிய 7.3 நாள்கள் ஆயின. மருந்து உண்டவர்களுக்கு 6.3 நாள்கள். ஒரு நாள் மிச்சம்!

2002ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடி, அனுமதி வேண்டாம் என்று ஒருமனதாக வாக்களித்தது. காரணம் இருந்தது. பிளெகோனரில் கல்லீரலில் உள்ள ஒரு நொதியைத் தூண்டிவிடுகிறது. அந்த நொதி வேறு பல மருந்துகளையும், குறிப்பாகக் கருத்தடை மாத்திரையையும், விரைவில் சிதைத்துவிடும். தானே ஆறிவிடும் ஒரு நோய்க்காகக் கோடிக்கணக்கான நலமுள்ளவர்கள் விழுங்கப்போகும் மாத்திரையில் இந்த அபாயம் தகாது என்று அவர்கள் கருதினர். மருந்தால் வைரஸின் பொந்தில் திரிபு ஏற்படுவதும் கவலை தந்தது. திரிபு எளிது. பொந்தின் சுவரில் உள்ள ஒரு சிறிய அமினோ அமிலம் பெரியதாக மாறினால் போதும். 14ஆம் வகையில் 199ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீன் போய் டைரோசின் வந்தால் மருந்துக்கு இடமில்லை.

எனக்கு அந்தக் குழுவின்மேல் முதலில் கோபமே வந்தது. மறுபடி படித்தபோது, நலமுள்ளவர்களைப் பொறுத்தவரை அவர்கள் செய்தது சரி என்றே தோன்றியது. ஒரு நாள் முன்னதாக மூக்கொழுகல் நிற்பதற்காக யாரும் உடலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் வேறு நோயில்லாத பெரியவர்கள். இழுப்புள்ள பிள்ளைக்குத் தடுமன் சிறிய நோயன்று. அவனுக்காகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பின்னாளில் அந்தக் கேள்வியையும் கேட்டார்கள். வேபெண்டவிர் என்னும், அதே பொந்தில் புகும் மற்றொரு மருந்தை ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்தனர். 2017இல் வெளிவந்த முடிவில் ஆஸ்துமா நிலையில் எதிர்பார்த்த முன்னேற்றம் காணப்படவில்லை. காலந்தான் பெரும் பகை. நாம் தும்மத் தொடங்கும்போதே வைரஸ் வெகுவாகப் பெருகிவிட்டிருக்கும். அதன்பின் நாம் படும் தொல்லையில் பெரும்பகுதி நம் உடலே நடத்தும் எதிர்ப்பின் விளைவு. திருடன் போன பின் பூட்டை மாட்டிப் பயனென்ன?

பொந்தை விட்டு வேறிடத்தில் தாக்கிய மருந்தும் உண்டு. ரைனோவைரஸ் தன் புரதங்கள் அனைத்தையும் ஒரே நீண்ட சங்கிலியாகச் செய்து, பிறகு கத்தரித்துக்கொள்கிறது. அந்தக் கத்தரிக்கோலில் ஒன்று 3சி என்னும் நொதி. அதன் வாயில் சிக்கி அடைத்துக்கொள்ளும்படி அகூரான் நிறுவனத்தார் 1990களில் ரூபின்ட்ரிவிர் என்ற மூலக்கூறைச் செய்து, மூக்கில் தெளிக்கும் மருந்தாகச் சோதித்தனர். இயற்கையாகத் தடுமன் பிடித்தவர்களிடம் அது போதிய பலன் தரவில்லை. ஆனால் அந்த உழைப்பு வீணாகவில்லை. 2003இல் சார்ஸ் பரவியபோது, கொரோனா வைரஸின் கத்தரிக்கோலும் இதே சாயலில் இருப்பதையும், ரூபின்ட்ரிவிரை மாற்றியமைத்தால் அதற்கும் மருந்தாகலாம் என்பதையும் ஜெர்மானிய அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற கோவிட் மாத்திரையான நிர்மட்ரெல்விர் அடைப்பதும் கொரோனாவின் அந்தக் கத்தரிக்கோலைத்தான்.

சி வகை

இவ்வளவும் படித்த பின் அக்காள் மகனுக்குத் திரும்பினேன். 2006 வாக்கில் ரைனோவைரஸில் சி என்றொரு புதிய பிரிவு கண்டறியப்பட்டது. வழக்கமான சோதனைத் தட்டுச் செல்களில் அது வளராததால்தான் அத்தனை ஆண்டுகள் கண்ணில் படவில்லை. சிறு பிள்ளைகளுக்கு இழுப்பை உண்டாக்குவதில் இந்தப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. இது ஐகாம்-1 வழியாக நுழைவதில்லை, சி.டி.எச்.ஆர்.3 என்ற வேறு புரதம் இதன் வாயில் என்று 2015இல் தெரிந்தது. அந்தப் புரதத்தின் ஒருவகை மாறுபாட்டைப் பிறவியிலேயே உடைய பிள்ளைகளுக்குக் கடும் ஆஸ்துமா தாக்குதல் அதிகம் என்பதை அதற்கு முந்தைய ஆண்டில்தான் கண்டிருந்தனர். 2016இல் சி வகையின் அணு அமைப்பு வெளியாயிற்று. அதைக் கண்டவர்களுள் ராஸ்மனும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 86. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் மருந்து படுத்திருக்கக் கண்ட அதே பொந்தைச் சி வகையில் தேடினால், பருத்த அமினோ அமிலங்கள் அதை முழுதும் அடைத்துக்கொண்டிருந்தன. மருந்து நுழைய இடமில்லை. பிளெகோனரில் அதனிடம் பலிக்காததன் காரணம் அதுவே.

வைரஸின் ஓட்டைத் தொடாமல், அது நம்மிடம் கடன் வாங்கும் பொருளைத் தடுத்தால் என்ன என்று லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த எட் டேட் குழுவினர் முயன்றனர். வி.பி.4இன் முனையில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டினால்தான் புதிய ஓடு சரியாக அமையும். அதை ஒட்டிக்கொடுப்பது வைரஸின் நொதியன்று, நம் செல்லின் நொதி. மலேரியாக் கிருமிக்கு மருந்து தேடிய போது கிடைத்த மூலக்கூறுகளை இணைத்து, அந்த நொதியை அடைக்கும் ஐ.எம்.பி.-1088 என்ற சேர்மத்தை 2018இல் வெளியிட்டனர். நம் நொதியை வைரஸால் திரிக்க முடியாது என்பது இதன் பலம். நம் நொதியையே அடைக்கிறோம் என்பது இதன் ஆபத்து. அவர்கள் அன்று காட்டியது சோதனைத் தட்டுச் செல்களில் மட்டுமே.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பொந்தையும் மூங்கில் கூடையையும் சொல்லி விளக்கினேன். இவனுக்கு வரும் வைரஸில் அந்தப் பொந்து அடைபட்டதாகவே இருக்கலாம் என்றும் சொன்னேன். முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ கடையில குடுக்கிற அந்தப் பெரிய மாத்திரை?"

"அது இதுக்கில்லம்மா. டாக்டர் எழுதிக் குடுத்தா ஒழிய வாங்காதீங்க."

"அந்த உறிஞ்சற மருந்து? நல்லாத்தானே இருக்கான், நிறுத்திட்டேன்டா."

அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றேன். அம்மா எழுந்து போய், பரணில் வைத்திருந்த அந்த நீலக் குப்பியை எடுத்துத் துடைத்து, பையன் கைக்கு எட்டாமல், ஆனால் தம் கண்ணில் படும்படி, அடுப்பங்கரை மாடத்தில் வைத்தார்.